இரும்பைத் தொட வைத்த பெயர்

எங்கள் மீன்பிடி ஊரான போர்ட்கேரியின் பள்ளிக்கூடத்தில் இப்போது ராஸ் என்று மூன்று பையன்கள் படிக்கிறார்கள். குடும்பப் பெயர் அல்ல, வீட்டில் கூப்பிடும் பெயரே அதுதான். ராஸ் மேர், ராஸ் ஸ்லேட்டர், இன்னொருவன் ராஸ் பிரி. சாயங்காலமானால் அவர்களுடைய அம்மாக்கள் துறைமுகச் சுவரோரம் நின்று, "ராஸ், சாப்பிட வா" என்று கூப்பிடுவார்கள். படகுக்குப் போகிறவர்கள் காதில் அது விழத்தான் செய்கிறது. ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கேட்கச் சின்னதாக, அழகாக இருக்கிறது என்று வைத்தோம் என்கிறாள் ஒரு தாய். நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். ஹெக்டர் ராஸைப் பற்றி அவளிடம் என்னவென்று சொல்வது?

ஹெக்டர் என் பெரியம்மா மகள் பெல்லாவின் புருஷன். எங்களுக்கு அடுத்த வீடு. அந்த மனிதன் வாழ்ந்த எழுபது வருஷத்தில் முக்கால்வாசியை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எங்கள் ஊரில் பாதிக்கு மேல் மேர் என்ற குடும்பப் பெயர்தான். ஒரே தெருவில் ஆறு ஜேம்ஸ் மேர் இருப்பார்கள். அதனால் வீட்டுக்கு வீடு ஒரு பட்டப்பெயர் உண்டு. நாங்கள் வாத்து வீடு. பெல்லாவின் வீடு பொத்தான் வீடு. அவளுடைய தாத்தாவோ கொள்ளுத் தாத்தாவோ கடற்படைக் கோட்டின் பித்தளைப் பொத்தான் மின்ன மின்னக் கல்யாணத்துக்கு வந்தாராம். தபால்காரருக்கும் டாக்டருக்கும் எங்களைப் பட்டப்பெயர் சொன்னால்தான் தெரியும். பெயர் என்பது எங்களுக்கு அப்படிப்பட்ட விஷயம். யார் எந்த வீடு, எந்தப் படகு, யாருக்கு யார் என்ன உறவு எல்லாம் அதற்குள் இருக்கும்.

சில சொற்களைக் கடலில் சொல்லக் கூடாது. பன்றி என்று சொல்லக் கூடாது. பாதிரியார் என்று சொல்லக் கூடாது. "கறுப்புக் கோட்டு" என்பார்கள். சால்மன் மீனுக்கும் வேறு பெயர். பன்றிக்கும் மீனுக்கும் அதனால் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் அந்த வரிசையில் மனுஷர்களின் குடும்பப் பெயர் ஒன்றும் இருந்தது. ராஸ். படகில் மட்டுமல்ல, படகுக்குப் போகிறவன் காதில் விழுகிற மாதிரி கரையிலும் சொல்லக் கூடாது. தவறி யார் வாயிலாவது வந்துவிட்டால் கேட்டவர்கள் துப்பிவிட்டு, கைக்கு எட்டிய இரும்பைத் தொடுவார்கள். கத்தி, கதவுக் கொக்கி, பூட்ஸ் ஆணி, ஏதோ ஒன்று. படகுக்குப் போகும் வழியில் அந்தப் பெயர்க்காரன் எதிரே வந்தால் வீட்டுக்குத் திரும்பிவிட்டுப் பிறகு போகிறவர்களும் இருந்தார்கள்.

ஏன் என்று யாருக்கும் தெரியாது. முன்னொரு காலத்தில் அந்தப் பெயருள்ள ஒருவன் கடற்படைக்குக் கட்டாயமாக ஆள் பிடிக்க வந்தவர்களிடம் எங்கள் ஆட்களைக் காட்டிக்கொடுத்தான் என்று அப்பா சொல்வார். அந்தப் பெயர் தாங்கிய முதல் ஆள் ஏறின முதல் படகே கவிழ்ந்தது என்பார் பக்கத்து வீட்டுக்காரர். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. வெயில் தெளிவாக அடிக்கிற நாளில் வளைகுடாவுக்கு அக்கரையில் நீலமாக மலைகள் தெரியும். அது ராஸ் மாவட்டம். அதைக்கூட எங்கள் ஆட்கள் "அந்தப் பக்கம்" என்றுதான் சொல்வார்கள்.

அந்தப் பக்கத்திலிருந்துதான் ஹெக்டரின் அப்பா ரோடரிக் வந்தார். கரையோரமாக ரயில் பாதை போட்டபோது கேங்மேன் வேலைக்கு வந்தவர். ஸ்டேஷனுக்குக் கீழே ஒரு சின்ன வீடு கொடுத்தார்கள். தன் பெயரைச் சொன்னதும் கடைக்காரி ஏன் துப்பினாள் என்று அவருக்கு ரொம்ப நாள் புரியவில்லையாம். புரிந்த பிறகும் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் பார்க்கிற வேலை தண்டவாளத்தோடு. மீன்காரர்கள் துப்பினால் அவருக்கென்ன?

மகனுக்கு அப்படி இல்லை. ஹெக்டர் பிறந்ததும் வளர்ந்ததும் இந்தத் துறைமுகத்தில். வலை பின்னவும் முடிச்சுப் போடவும் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டான். வகுப்பில் ஆசிரியை வருகைப் பதிவு வாசித்து அவன் பெயருக்கு வரும்போது நாங்கள் எல்லோரும் குனிந்து பூட்ஸ் ஆணியைத் தொடுவோம். ஆசிரியை அபர்தீன் பட்டணத்துக்காரி. எதற்குக் குனிகிறோம் என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டாள். அவனை யாரும் அடித்ததில்லை, விளையாட்டில் சேர்த்துக்கொள்ளாமல் விட்டதுமில்லை. "கேங்மேன் மகனே, பந்தைப் போடு" என்போம். சிரித்துக்கொண்டே போடுவான். கோபமே வராத பையன்.

பள்ளி முடிந்ததும் படகு படகாகப் போய் வேலை கேட்டான். ஒருவரும் முகத்தில் அடித்த மாதிரி பேசவில்லை. "இந்த வருஷம் ஆள் நிறைஞ்சுபோச்சுப்பா" என்றார்கள். மறு வருஷமும் அதையேதான் சொன்னார்கள். அவன் மீனுக்கு உப்புப் போடும் முற்றத்தில் பீப்பாய் உருட்டப் போனான். அங்கேதான் பெல்லா ஹெர்ரிங் மீன் கீறிக்கொண்டிருந்தாள். கத்தி வெட்டாமலிருக்க விரலுக்கெல்லாம் துணி சுற்றி, வாயில் எப்போதும் ஒரு கிண்டலோடு இருப்பாள். "கேங்மேன் மகனே, பீப்பாயை மெதுவா உருட்டு. அது ரயில் இல்ல" என்பாள். அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு யுத்தம் வந்தது. ஹெக்டர் காலாட்படைக்குப் போனான். அந்த நாலு வருஷத்தைப் பற்றி அவன் பெல்லாவிடம் சொன்னதும் பெல்லா என்னிடம் சொன்னதும் ஒன்றே ஒன்றுதான். பட்டாளத்தில் எல்லோரையும் குடும்பப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அவனுடைய கம்பெனியில், அதாவது படைப்பிரிவில், அந்தப் பக்கத்து ஆட்கள் அதிகம். ராஸ் என்றே பத்துப் பதினொரு பேர். அதனால் பெயரோடு பட்டாள எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தையும் சேர்த்துக் கூப்பிடுவார்களாம். "ராஸ் நாப்பத்திரெண்டு, முன்னால வா." சகதியிலும் குண்டிலும் கிடந்தவன் அதைத்தான் நினைத்துச் சந்தோஷப்பட்டிருக்கிறான். "அங்க செத்தவன்கூட பேரோட செத்தான், பெல்லா" என்றானாம்.

திரும்பி வந்ததும் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். பொத்தான் வீட்டில் பெரிய எதிர்ப்பில்லை என்றால் நம்ப மாட்டீர்கள். எங்கள் வழக்கப்படி மீனவப் பெண் கல்யாணமானாலும் பிறந்த வீட்டுப் பெயரையே வைத்துக்கொள்வாள். பெல்லா பெல்லா மேராகவே இருந்தாள். பெரியம்மா அதில் ஆறுதல் பட்டுக்கொண்டாள். அதோடு யுத்தம் ஊரில் பாதி ஆண்களைத் தின்றிருந்தது. பெல்லாவின் அண்ணன் ஆன்ட்ரூவிடம் ஒரு நீராவிப் படகு இருந்தது. வலை இழுக்க ஆள் இல்லை. தம்பி லூயிக்கு அப்போதுதான் பத்தொன்பது வயது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்துத் தேநீர் குடிக்கும்போது ஆன்ட்ரூவே பேச்சை எடுத்தான். நானும் அங்கே இருந்தேன்.

"மச்சான், இலையுதிர் சீசனுக்கு யார்மவுத் போறோம். எனக்கு ஆள் வேணும்."

ஹெக்டர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டான்.

"ஆனா ஒண்ணு. படகுல நீ பொத்தான் வீட்டு ஆளு. ஹெக்டர் மேர். அந்தப் பேரை நீயும் சொல்லக் கூடாது, உன்ன யாரும் அப்படிக் கூப்பிடவும் விடக் கூடாது. சொல்லாத வரைக்கும் அது இல்லன்னு எங்க ஆளுங்ககிட்ட பேசி வச்சிருக்கேன்."

"சொல்ல மாட்டேன்" என்றான் ஹெக்டர். கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெல்லா அவனைக் கேலி செய்தாள். "அழாதே, தேநீர் உப்பாயிடும்" என்றாள்.

அந்தச் சீசனைப் போல ஒரு சீசன் யாருக்கும் ஞாபகமில்லை. இங்கிலாந்துக் கரையில் ஹெர்ரிங் குவிந்தது. மீன் கீற நானும் பெல்லாவும் ரயிலேறி யார்மவுத் போயிருந்தோம். ஹெக்டர் படகிலிருந்து இறங்கும்போது உடம்பெல்லாம் வெள்ளிச் செதிலாக இருக்கும். பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவன் மாதிரி கால் அகட்டி நடப்பான். லூயி அவன் தோளில் கை போட்டுக்கொண்டு வருவான். இரண்டு பேருக்கும் அவ்வளவு ஒட்டுதல். படகில் யாருக்கு எந்தக் கயிறு என்று லூயிதான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஹெக்டர் சின்ன மச்சானுக்குப் பட்டாளத்துப் பாட்டெல்லாம் சொல்லிக்கொடுத்தான், பெரியம்மா காதில் படக் கூடாத பாட்டுகள்.

நவம்பர் நடுவில் ஒரு மத்தியானம். பொத்தான் வீட்டுப் படகு கிளம்பக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பெல்லாவும் மேலே துறைச் சுவரில் நின்றிருந்தோம். நிலக்கரி வண்டி ஓட்டிவந்த ஒருவன் திடீரென்று வண்டியை நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

"ராஸ்! டேய், ராஸ் நாப்பத்திரெண்டு! உயிரோடதான் இருக்கியா நீ?"

பாவம், அவனுக்கு என்ன தெரியும்? அதே கம்பெனிக்காரன். செத்துப்போனதாக நினைத்திருந்த தோழனைக் கண்டுவிட்ட சந்தோஷம். துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி இரண்டு மூன்று தடவை கூப்பிட்டான். படகில் இருந்த ஒவ்வொருவரும் துப்பினார்கள், ஒவ்வொருவர் கையும் எதையோ தேடிப் போனது. ஹெக்டர் மட்டும் எதையும் தொடவில்லை. அவனைக் கூப்பிடுகிறார்கள் என்பதே தெரியாதவன் மாதிரி கடல் பக்கம் திரும்பிக்கொண்டான். நண்பன் கையைத் தாழ்த்திவிட்டு, ஆள் மாறிவிட்டது என்று எண்ணினவனாக வண்டிக்குத் திரும்பினான்.

திரும்பிவிடலாம் என்று எஞ்சின்காரர் சொன்னாராம். ஆன்ட்ரூ யோசித்தான். மீன் அப்படிக் கிடக்கும்போது எந்தத் தலைவன் திரும்புவான்? போனார்கள். மறுநாள் விடிந்து வலை இழுக்கும்போது கடல் எழும்பியிருந்தது. வலையின் அடிக்கயிறு லூயியின் காலைச் சுற்றிக்கொண்டு அவனை வெளியே இழுத்துப் போட்டது. ஹெக்டர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு குதித்தான். ஹெக்டரை மட்டும்தான் திரும்ப மேலே இழுக்க முடிந்தது, லூயி போய்விட்டான்.

அந்த வருஷம் அதே கரையில் வேறு படகுகளிலும் ஆட்கள் போனார்கள். கயிறு சுற்றிச் சாவது எங்கள் தொழிலில் புதிதில்லை. இதெல்லாம் அப்போது யார் காதிலும் ஏறவில்லை. யாரும் ஹெக்டரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆன்ட்ரூ சொல்லவில்லை. போர்ட்கேரிக்கு ரயிலில் வந்து இறங்கியதும் ஹெக்டர் நேராகப் பொத்தான் வீட்டுக்குப் போய் மாமியார் முன்னால் நின்றான். பெரியம்மா அவனை உட்காரச் சொன்னாள். ரொட்டி எடுத்து வைத்தாள். பிறகு சொன்னாள்:

"நீ நல்லவன்தாம்பா. என் பிள்ளைக்காகக் குதிச்சே, அதை நான் மறக்கல. ஆனா உன் பேரு நல்லதில்ல. இனி எந்தப் படகுலயும் ஏறாதே."

அவன் தலையாட்டினான். ரொட்டியைத் தின்று முடித்துவிட்டுத்தான் எழுந்தான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று பிறகு பெல்லாவிடம் சொன்னானாம்.

வசந்தம் வரும் முன்பே அவன் அக்கரைக்குப் போய்விட்டான். டெய்ன் என்ற ஊர்ப்பக்கம் அவனுடைய அப்பாவின் சொந்தக்காரர்கள் பண்ணை வைத்திருந்தார்கள். பெல்லா அப்போது நிறைமாதம். குழந்தை இங்கேயே பிறந்தது, ஆண். ஞானஸ்நானம் கொடுக்க எடுத்துப்போன பெரியம்மா, "வில்லியம் மேர்" என்று பெயர் சொல்லிவிட்டு வந்தாள். பெல்லா ஏன் என்று கேட்கவில்லை.

குழந்தைக்கு ஆறு மாதமானதும் பெல்லா அக்கரைக்குப் போனாள். ஒரு குளிர்காலம் அங்கே இருந்தாள். அங்கே ஹெக்டர் வேறு ஆளாக இருந்தானாம். கடைக்காரன் ராஸ், கொல்லன் ராஸ், குதிரை லாயத்துக்காரன் ராஸ். கல்லறைத் தோட்டம் முழுக்க ராஸ். யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் தெருவே திரும்பும். ஹெக்டர் சந்தையில் நிமிர்ந்து நடந்தான், சிரித்துப் பேசினான். பண்ணையில் டங்கன் என்று அவன் வயதிலேயே ஒரு பெரியப்பா மகன். ஒரு நாள் மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டே ஹெக்டர் அவனிடம் கேட்டிருக்கிறான், நம் பெயருக்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது என்று. கூடவே தன் ஊர்க் கதையையும் சொல்லியிருக்கிறான்.

டங்கனுக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. "ராஸ்னா பழைய பாஷையில கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருக்கிற நிலம், முனை. அவ்வளவுதான். நீ என்னமோ பேய்ப் பேருன்னு நெனச்சியா? அதுலயும் நாம நிஜ ராஸ்கூட இல்லடா. எங்க தாத்தா சொல்வாரு, நம்ம ஆளுங்க பேரே இல்லாத கூலிங்க. பஞ்ச காலத்துல பிரபுவோட பேரை வச்சுக்கிட்டா மாவு கெடைக்கும்னு வச்சுக்கிட்டாங்களாம். ஒரு படி மாவுக்கு வாங்கின பேரு."

டங்கன் சிரித்தான். பெல்லாவும் சிரித்தாள். ஹெக்டர் அன்று சாப்பிடவில்லை. தன் வாழ்க்கையை அழித்தது ஏதோ பெரிய பழைய பாவம் என்று நினைத்திருந்தால் அவனால் அதைச் சுமந்திருக்க முடியும். ஒரு படி மாவு என்பதைத்தான் தாங்க முடியவில்லை என்று பெல்லா சொன்னாள். உண்மையோ பொய்யோ, டங்கனுக்கே தெரியாது.

அந்தப் பண்ணையிலேயே இருந்திருக்கலாம். ஹெக்டர் இருக்கத்தான் விரும்பினான். ஆனால் பெல்லாவுக்கு உழுத மண்ணும் மாடும் ஒட்டவில்லை. ஜன்னலைத் திறந்தால் தண்ணீர் தெரிய வேண்டும், வாசலில் நாலு பெண்கள் வலை தைத்துக்கொண்டு ஊர்வம்பு பேச வேண்டும் அவளுக்கு. கோடை தொடங்கும்போது குழந்தையோடு திரும்பி வந்துவிட்டாள். "நீ வரணும்னு சொல்ல மாட்டேன். வராதேன்னும் சொல்ல மாட்டேன்" என்றாளாம் ரயிலில் ஏறும்போது. மூன்று வாரம் கழித்து அவனும் வந்தான். அப்பா செத்துக் காலியாக இருந்த கேங்மேன் வேலையை எடுத்துக்கொண்டான். சம்மட்டியும் கையுமாகத் தண்டவாளத்தோடு நடந்தான். கேங்மேன் மகன் என்ற பெயர் வெறும் கேங்மேன் ஆயிற்று.

அவர்கள் சண்டை போட்டு நான் கேட்டதில்லை. நல்ல ஜோடிதான். ஆனால் பெல்லா அவனை "ஹெக்டர்" என்பாள், இல்லாவிட்டால் "என்னங்க" என்பாள். மற்றது அவள் வாயில் வந்ததே கிடையாது.

வில்லியம், எங்களுக்கு வில், வளர்ந்து கடலுக்குப் போக வேண்டும் என்றான். ஆன்ட்ரூவுக்கு மகன் இல்லை. தங்கை மகனைப் படகில் எடுத்துக்கொள்ள அவனுக்கு மனசுதான். ஆனால் அவனுடைய ஆட்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள்: பையன் காலையில் அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி வரக் கூடாது. அதைச் சொல்ல ஆன்ட்ரூ எங்கள் தெருவுக்கு வந்தபோது ஹெக்டர் வேலிக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தான். ஆன்ட்ரூ தொப்பியைச் சுற்றிச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு சொல்லி முடித்தான்.

"எங்க வீட்டுல தங்கட்டும் மச்சான். ரெண்டு தெரு தள்ளிதானே."

"ரெண்டு தெருதான்" என்றான் ஹெக்டர்.

"உனக்கு வருத்தமா இருந்தா வேணாம்."

"அவன் கடலுக்குப் போகட்டும். எனக்குக் கெடைக்கல, அவனுக்காவது கெடைக்கட்டும். நீ கூட்டிட்டுப் போ." பிறகு தூரிகையை டப்பாவில் வைத்துவிட்டுச் சொன்னான்: "படகு கெளம்புற நாள்ல நான் வெளிய வர மாட்டேன்னு உன் ஆளுங்ககிட்ட சொல்லு."

அதை ஆன்ட்ரூ கேட்கவில்லை. இவனாகச் சொன்னது. சொன்னபடியே செய்தான். பொத்தான் வீட்டுப் படகு கிளம்புகிற காலைகளில் தெருவில் பூட்ஸ் சத்தம் ஓயும்வரை கதவைச் சாத்திக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்திருப்பான். மகன் எங்கள் வாசலைத் தாண்டித்தான் துறைமுகத்துக்குப் போவான். முதலில் ஹெக்டர் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பான். பார்வை படுவதும் எதிரே வருவதும் ஒன்றுதானே என்று தோன்றியதோ என்னவோ, பிறகு அதையும் விட்டுவிட்டான். வேலைக்குத் தாமதமாகிறது என்று ரயில்வே மேஸ்திரி திட்டுவார். வாங்கிக்கொள்வான்.

வில் கெட்ட பிள்ளை இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து அம்மா கையால் சாப்பிட்டுவிட்டுப் போவான். அப்பாவோடு வானிலை பேசுவான். இரண்டாவது யுத்தத்தில் கண்ணிவெடி அகற்றும் கப்பலில் இருந்து ஒரு கீறல் இல்லாமல் திரும்பினான். ஆன்ட்ரூ வயதாகி ஒதுங்கியபோது அவன்தான் படகுக்குத் தலைவன் ஆனான். பொத்தான் வில் என்றால் பக்கத்துத் துறைமுகங்களிலும் தெரியும். கேங்மேனுக்கும் அவனுக்கும் என்ன உறவு என்று சின்னப் பிள்ளைகளுக்குத் தெரியாமலே போயிற்று.

ஐம்பதுகளில் டண்டியிலிருந்து ஒரு இளம் பாதிரியார் வந்தார். நல்ல மனுஷன், படித்தவர். ஊர் வழக்கத்தைக் கேள்விப்பட்டுக் கொதித்துப்போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் மூடப்பழக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு, பின்வரிசையைக் கை காட்டி, "திரு. ராஸ், எழுந்து நில்லுங்கள். உங்கள் பெயரை இந்தச் சபையில் உரக்கச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. நான் சொல்கிறேன், ராஸ்" என்றார்.

ஹெக்டர் எழுந்தான். அவன் நிமிர்ந்து நிற்கப் போகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வெளியே நடந்தான். நான் பின்னாலேயே போனேன். வாசலில் துப்பினான். பிறகு தேவாலயத்து இரும்புக் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான்.

"என்ன அத்தான் இது, உங்க பேருதானே?" என்றேன்.

"நாளைக்கு வில் கடலுக்குப் போறான். இந்த மனுஷனுக்கு அறிவிருக்கா?" என்றான்.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஊருக்காக விட்டுக்கொடுத்துப் போகிறான் என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். அவனே நம்பத் தொடங்கி எவ்வளவு காலமாயிற்றோ. ஊரில் இளசுகள் அதை மறந்துகொண்டு வந்த காலம் அது. கடைசியில் அதை முழுசாக நம்பினவன் அவன் ஒருவன்தான். மறுநாள் வில் போய்விட்டுப் பத்திரமாக வந்தான். அதனால் ஹெக்டருடைய நம்பிக்கை குறையவில்லை. தான் இரும்பைப் பிடித்ததால்தான் என்று எடுத்துக்கொண்டான்.

நுரையீரல் கெட்டு அவன் ஆஸ்பத்திரியில் படுத்தது எழுபதாவது வயதில். நான் பார்க்கப் போனபோது நர்ஸ் என்னைத் தனியே கூப்பிட்டு, இவருக்குக் காது சுத்தமாகக் கேட்காதா என்று கேட்டாள். திரு. ராஸ், திரு. ராஸ் என்று எத்தனை தடவை கூப்பிட்டாலும் திரும்பவே மாட்டேன் என்கிறாராம், கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறாராம். ஹெக்டர் என்று கூப்பிடு அம்மா, நன்றாகக் கேட்கும் என்றேன்.

வில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தான். பெல்லாவும் நானும் கட்டிலருகே இருந்தோம். வில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அப்பா" என்றான்.

ஹெக்டர் கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தான். உடனே முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"எப்ப கெளம்புறே?"

"திங்கக்கிழமை."

"அப்ப என்னப் பாக்காதே. போ. போய்ட்டு வந்து பாத்துக்கலாம்."

"பரவாயில்லப்பா. இப்பல்லாம் யாரு அதைப் பாக்குறா?"

"சொன்னதைக் கேளு. போடா."

வில் என்ன செய்வதென்று தெரியாமல் அம்மாவைப் பார்த்தான். அவன் அப்பாவின் முதுகை ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனான். திங்கட்கிழமை கடலுக்குப் போனான். புதன்கிழமை ஹெக்டர் செத்தான்.

எங்கள் கல்லறைத் தோட்டம் துறைமுகத்துக்கு இறங்கும் பாதையோரம். கல்லறைக் கல் செதுக்குகிறவர் என்ன எழுத வேண்டும் என்று கேட்டு வந்தார். முழுப் பெயரையும் போடலாம் என்றான் வில். பெல்லாதான் தடுத்தாள். அவள் குரல் கல் மாதிரி இருந்தது, ஆனால் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. "படகுக்குப் போற எல்லாரும் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போகணும். அவருக்கே பிடிக்காது" என்றாள். "இசபெல் மேரின் கணவர் ஹெக்டர்" என்று மட்டும் வெட்டினார்கள். இசபெல் என்பது பெல்லாவின் முழுப் பெயர். ஒன்பது வருஷம் கழித்துப் பெல்லாவும் அங்கேயே போய்ச் சேர்ந்தாள்.

போன வருஷம் ஜூலையில் கனடாவிலிருந்து ஒருவர் வந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் சிவப்புக் கட்டம் போட்ட டை. அவர் ஒரு ராஸ். அங்கே அவர்களுக்குச் சங்கமே இருக்கிறதாம், வருஷத்துக்கு ஒரு தடவை கூடி விருந்து சாப்பிடுவார்களாம். அவருடைய கொள்ளுத் தாத்தாவின் தம்பி ரோடரிக் ரயில் வேலைக்கு இந்தக் கரைக்கு வந்ததாக வீட்டில் சொல்வார்களாம். அந்த ரோடரிக்கின் வம்சத்தில் யாராவது இருக்கிறார்களா என்று ஊர் ஊராகக் கேட்டுக்கொண்டு வந்திருந்தார். துறைமுகத்து பெஞ்சில் வில்லும் நானும் உட்கார்ந்திருந்தோம். வில் படகை விற்று ரொம்ப நாளாகிறது.

வில் அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டான்.

"இல்லீங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த ஊர்ல அந்தப் பேர்ல யாரும் இருந்ததில்ல" என்றான்.

அவன் வேண்டுமென்று பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். கனடாக்காரர் நன்றி சொன்னார். கல்லறைத் தோட்டத்திலும் தேடிவிட்டேன், ஒன்றும் கிடைக்கவில்லை என்றார். எங்கள் இருவரையும் துறைமுகத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்க மேடேறிப் போனார்.